இருபது முகப் பகடை

ஆளுக்கொரு கதாபாத்திரமாக மோதிக்கொள்ளும் ஞாயிற்றுக்கிழமைப் பகடை ஆட்டத்தில், பல் டாக்டரின் மைத்துனன் தன் டிராகனுக்காக உருட்டிய பகடையில் மூன்றாம் முறையாக இருபது விழுந்தது. இன்னொரு இருபது விழுந்தால், டாக்டர் இரண்டு வருடமாகப் பார்த்துப் பார்த்து வளர்த்த வீரன் காலி.

“நிறுத்துடா! உப்புத் தண்ணி கொண்டு வாங்க, மிதக்க விட்டுப் பார்த்துடலாம்!” என்று கத்தினார் டாக்டர்.

அவர் மனைவி டம்ளரோடு வந்தாள். பகடை மிதந்தது. எப்படிப் புரட்டினாலும் இருபதே மேலே வந்து நின்றது.

“ஒரு பக்கம் கனம்! எந்தக் குப்பைக் கடையில பொறுக்கினே?”

“நீங்க கொடுத்த பிறந்தநாள் பரிசுதான் அத்தான். ‘என்னோடது மாதிரியே ஒசத்தி, விலையே பார்க்கல’ன்னு அக்கா முன்னாடிதானே கொடுத்தீங்க?”

மனைவி டாக்டரைத் திரும்பிப் பார்த்தாள்.

அதை அவர் பொறுக்கியெடுத்த, கடை வாசலில் கிலோ கணக்கில் பகடை கொட்டி வைத்திருந்த கூடை டாக்டரின் கண்முன் வந்து போனது.

“அதானே பார்த்தேன்! தரமான பகடைன்னா இருபதுதான் விழும். நீ உருட்டு மாப்ளே,” என்றார்.

வீரன் கண்ணை மூடிக்கொண்டான்.