சீலின் மேல் ஒரு கை

“பத்தாவதே முடிக்கல, கேமிங் கம்ப்யூட்டர் பாகமெல்லாம் உனக்கு என்னடி தெரியும்?” என்று அண்ணன் ஒருநாள் கேட்டிருந்தான். இப்போது கம்ப்யூட்டர் கடையில் அதே தங்கையின் பின்னால் நின்று காலால் தரையைத் தட்டுகிறான். அவள் நோட்டில் எழுதிவந்த கிராபிக்ஸ் கார்டு தீர்ந்துவிட்டதால் கடைக்காரர் வேறொன்றை எடுத்து வைக்கிறார். “இது அதவிட பவர் ஜாஸ்தி, அதுக்கு அண்ணன்மா. ஆனா சீல் பிரிச்சா திருப்பி எடுக்க மாட்டேன்.” அவர் கையிலிருக்கும் கத்தரி முனையில் குழல்விளக்கு வெளிச்சம் மின்னுகிறது. பெட்டியில் அச்சிட்டிருக்கும் நீளத்தைப் படித்துவிட்டு, அவள் வாங்கப்போகும் கம்ப்யூட்டரின் திறந்து கிடக்கும் கேபினெட்டுக்குள் சாண் வைத்து அளந்து பார்க்கிறாள். “மானத்த வாங்காத,” என்கிறான் அண்ணன். அவள் சீலின் மேல் உள்ளங்கையை வைக்கிறாள். “கார்டு நீளம் ஜாஸ்தி, உள்ள போகாதுங்க.” கடைக்காரர் சிரித்துக்கொண்டே அளவுகோலை எடுத்து அளக்கிறார், மறுபடி அளக்கிறார். சிரிப்பு நிற்கிறது. பெட்டியை இடுக்கிக்கொண்டு, நீளம் குறைந்த வேறொன்றைத் தேட உள்ளறைக்குப் போகிறார்.