தமிழுக்கு மூன்று

"மனசிலாவல்ல மேடம். இன்னொருக்கா சொல்லுங்க" என்றார் கிளிட்டஸ் போனில்.

கால்பந்துப் பந்தயக் கம்பெனியின் ஹெல்ப்லைனில் ரினி பொறுமையாகச் சொன்னாள். "ஏசியன் ஹேண்டிகேப்னா, பலமான டீமுக்கு ஆரம்பத்துலேயே ஒரு கோல் கழிச்சிடுவோம் சார். அது ரெண்டு கோல் வித்தியாசத்துல ஜெயிச்சாதான் உங்களுக்கு லாபம்."

"ஒரு கோல்ல ஜெயிச்சா?"

"கணக்குல சமம். கட்டின பணம் அப்படியே திரும்ப வரும்."

அல் குசைஸ் தொழிலாளர் கேம்ப் அறையில், பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்த கஃபார் தலையில் அடித்துக்கொண்டார். சூதாடி மாட்டினால் விசா கேன்சல் என்று இந்தியில் கத்தினார்.

கிளிட்டஸ் போனோடு வராந்தாவுக்கு நழுவினார். "அப்போ, டிரா ஆனா?"

ரினி கீபோர்டில் தட்டும் சத்தம் கேட்டது.

"சார், போன ஞாயித்துக்கிழமையும் இதையேதான் கேட்டீங்க. அதுக்கு முந்தின வாரமும் கேட்டீங்க. ஆனா இதுவரைக்கும் ஒரு பந்தயம்கூடக் கட்டலியே?"

கிளிட்டஸ் அறைக் கதவைச் சாத்தினார்.

"பந்தயத்துக்கு இல்ல மேடம். ரூம்ல ஒருத்தனுக்கும் தமிழ் தெரியாது. அம்ம இருந்தவரைக்கும் ஊருக்குப் பேசுவேன். இப்போ... உங்க நம்பர்லதான் 'தமிழுக்கு மூணை அழுத்தவும்'னு வந்துச்சு. மன்னிச்சிருங்க, இனி கூப்பிடமாட்டேன்."

ரினி குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்.

"அடுத்த ஞாயிறு எனக்கு லீவு அண்ணா. சனிக்கிழமை கூப்பிடுங்க. அரை கோல் கணக்கு இன்னும் சொல்லித் தரல."