கூப்பாட்டுப்பாறைக் காப்பி

"இந்தா வாரேன்!"

மஞ்சுக்குள்ளேயிருந்து என் வீட்டுக்காரர் குரல். ஒரே ஒரு தடவை.

களத்தில் காப்பிப் பழத்தைத் துழாவிக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது. வாய் வரைக்கும் வந்த பதிலை விழுங்கிக்கொண்டேன்.

பட்டப்பகல்தான். ஆனால் தை மாதம் எங்கள் குரங்கணி மேட்டில் மத்தியானமே மஞ்சு இறங்கிவிடும். களத்தின் அந்த ஓரம்கூடத் தெரியாது. அந்த நேரத்தில் ஒற்றைக் குரலுக்கு யாரும் பதில் கொடுக்க மாட்டோம். மனுசன் என்றால் மூன்று தரம் கூப்பிடுவான். கூப்பாட்டுப்பாறையில் இருக்கிறது பாருங்கள், அது ஒரு தரம்தான் வாய் திறக்கும். தெரிந்தவர் குரலிலேயே திறக்கும்.

பதில் சொன்னவர்கள் பங்குனியில் காப்பி பூத்ததைப் பார்த்ததில்லை. ராக்கையா பார்க்கவில்லை. சங்கிலி பெண்டாட்டி பார்க்கவில்லை. பங்குச்சாமியார் ஏறி வந்து தீர்த்தம் தெளித்துவிட்டுப் போன பிறகுதான் அவள் செத்தாள்.

இன்னொரு தரம் கூப்பிடட்டும் என்று காத்திருந்தேன். வரவில்லை.

நிஜமாகவே அவராக இருந்தால்? போடிக்கு மூட்டை கொண்டுபோய் நாலு நாளாயிற்று, திரும்பி வருகிற வழியில் கால் வழுக்கி எங்கேயாவது கிடந்தால்? அழுகை முட்டிக்கொண்டு வந்தது. முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு, மாதாவே மாதாவே என்று உட்கார்ந்திருந்தேன்.

கொஞ்ச நேரத்தில் குதிரை மணிச் சத்தம். "ஏ புள்ள! ஏ புள்ள! ஏ பிலோமினா!"

மூன்று தரம். விழுந்தடித்து ஓடினேன். மூட்டை இல்லாத குதிரையைப் பிடித்துக்கொண்டு முழுசாக நின்றார், வாயெல்லாம் பல்.

"வீடுன்னு ஒண்ணு இருக்கிறது இப்பத்தான் ஞாபகம் வந்துச்சாக்கும்?" என்று நன்றாக ஏசினேன். ஏசினால்தான் எனக்கு நெஞ்சு அடங்கும்.

போடியில் காப்பித்தூள் கடை சங்கரலிங்கம் முதலாளி எங்கள் மூட்டையை எடுத்துக்கொண்டாராம். தேனியில் ஒரு ஓட்டலுக்கு எஸ்பிரஸோ மெஷின் வந்திருக்கிறதாம், அதற்கென்று கலக்கிய தூளில் முக்கால் பங்கு எங்கள் காப்பிதானாம். மிச்சம் கீழ்ச்சரிவில் விளைகிற ரோபஸ்டா ரகம். கருகவும் விடாமல், பச்சை வாடையும் இல்லாமல் நடுத்தரமாக வறுத்தது. எங்கே விளைந்தது என்று முதலாளி கேட்டிருக்கிறார். கூப்பாட்டுப்பாறை என்று இவர் சொன்னதும், அந்தப் பேரைப் போட்டால் எவன் குடிப்பான் என்று பொட்டலத்தில் மேகமலை என்று அச்சடித்துவிட்டாராம். மேகமலை எங்கே கிடக்கிறது, நாங்கள் எங்கே கிடக்கிறோம்!

மடியிலிருந்து ஒரு பொட்டலம் எடுத்துக் கொடுத்தார்.

நல்ல கொட்டையை நாங்கள் குடித்ததே கிடையாது. தண்ணீரில் மிதக்கிற சொத்தையைக் கருக்கி இடித்து, கருப்பட்டி போட்டுக் குடிப்போம். இது கொதித்ததும் வீடே மணத்தது. இரண்டு தம்ளரில் ஊற்றினேன். எப்பேர்ப்பட்ட பேயை ஏமாற்றியிருக்கிறேன் என்று பெருமையடிக்க வாயெடுத்தேன்.

அவர் முந்திக்கொண்டார்.

"பாறைகிட்ட வரையில 'ஏங்க'ன்னு அம்புட்டுச் சத்தமாக் கூப்பிட்டியே, என்ன அவசரம்? இந்தா வாரேன்னு கத்துனேன். அதுக்கப்புறம் உன் சத்தத்தையே காணோம்."

நான் கூப்பிடவே இல்லை.

புருசன் பேரைச் சொல்லி நான் கூப்பிட்டதில்லை. எங்கள் ஊரில் எவளும் கூப்பிட்டதில்லை. எல்லாப் புருசனுக்கும் ஒரே 'ஏங்க'தான். பாறையில் இருக்கிறதற்கு யார் பேரும் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

மூன்று தரம் கூப்பிடட்டும் என்று காத்திருக்கிற ஆளா இவர்? பெண்டாட்டி குரல் என்றால் முதல் தரத்திலேயே ஓடி வருகிற மனுசன்.

என் முகத்தையே பார்த்தார். சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது.

"ஏன் புள்ள, நீதான கூப்பிட்ட?"

"பின்ன வேற யாரு கூப்பிடுவா? நான்தான் கூப்பிட்டேன். குடிங்க," என்றேன்.