தலைக்கு எண்ணெய்

“கோயில் கதவையே ஒடைச்சு வெளக்கு எண்ணெயக் குடிச்சிட்டுப் போற கரடிங்கம்மா இதுங்க. எண்ணெ, திங்கிற பண்டம், ஒண்ணுகூட கூடாரத்துல வேண்டாம். கார்ல வச்சுப் பூட்டிருங்க” என்று வினோதினியிடம் சொல்லிவிட்டு வனக்காவலர் மலைச்சரிவில் இறங்கிப் போனார். வழி மாற்றிச் சொன்னதற்காக மதியம் பெட்ரோல் பங்கில் எல்லோர் முன்னாலும் அவளை அறைந்த கணவன் கிருபாகரன், கூடாரத்துக்குள் சட்டையைக் கழற்றிவிட்டு எண்ணெய்க்குத் தலையைக் காட்டினான். தினமும் அந்தியில் அவள் எண்ணெய் தேய்த்துவிட்டாக வேண்டும். இன்று உச்சந்தலையோடு நிற்காமல் கழுத்து, முதுகு, உள்ளங்கால்வரை தேங்காய் எண்ணெயை வழிய வழியத் தேய்த்தாள். “என்னடி, இன்னைக்குப் பாசம் பொங்குது?” என்றபடியே கண்ணயர்ந்தான். காவலர் சொன்னபடி ஒரு பிஸ்கட்கூட விடாமல் எல்லாவற்றையும் காருக்குக் கொண்டுபோய், தானும் ஏறிப் பூட்டிக்கொண்டாள். கண்ணாடிக்கு அப்பால், உள்ளே விளக்கு எரிய, கூடாரம் கதவில்லாத கோயில்போல் மினுங்கியது.