ஒரு சாண் தள்ளி இருந்த சனி

“10.2.2004, செவ்வாய். இன்றும் சனி கிடைக்கவில்லை. தேதி, நேரம், ஊர் மூன்றையும் சரியாகத்தான் கொடுத்தேன் என்று நினைக்கிறேன். எங்கேயோ ஒரு சின்னத் தப்பு செய்கிறேன். எங்கே என்றுதான் தெரியவில்லை.”

விஷ்ணுப்ரியாவின் வானியல் மாலை வகுப்பு டைரி அது. அப்பா வெங்கடேஸ்வரனின் பஞ்சாங்கத்தின் மேல் திறந்தபடி கிடந்ததால் அவர் படித்துவிட்டார். படித்ததும் அவருக்கு உள்ளூர ஒரு திருப்தி.

வலியசாலை அக்ரஹாரத்தில் ஜாதகப் பொருத்தம் என்றால் எல்லாரும் அவரிடம்தான் வருவார்கள். அவர் போட்ட கணக்கில் யாராவது குறை சொன்னால் அப்புறம் அந்த வீட்டுப் படியை மிதிக்க மாட்டார்.

சிகாகோவில் பிறந்து, சின்ன வயதிலேயே பக்கத்துத் தெருவுக்கு வந்து சேர்ந்த மஹேஷைத்தான் கட்டிக்கொள்வேன் என்று ப்ரியா சொல்லிப் பார்த்தாள். “எட்டுல செவ்வாய். இனிமே அந்தப் பேச்சே வேண்டாம்” என்று முடித்துவிட்டார். வெள்ளிக்கிழமை பாலக்காட்டிலிருந்து வேறு வரன் பெண் பார்க்க வருகிறது.

அவள் அழக்கூட இல்லை. அண்ணன் அமெரிக்காவிலிருந்து அனுப்பிய கம்ப்யூட்டர் டெலஸ்கோப்பைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்விட்டாள்.

மறுநாள் விளக்கு வைத்த கையோடு வெங்கடேஸ்வரனும் மாடி ஏறினார். ப்ரியா முக்காலியைச் சமன் செய்து, குழாயை வடக்கே திருப்பி, கையடக்கப் பெட்டியில் ஒவ்வொன்றாக அழுத்திக்கொண்டிருந்தாள். கடைசியாகச் சனி என்று அழுத்தியதும் மோட்டார் கர்ரென்று ஓடியது. குழாய் தானாகத் திரும்பிக் கிழக்கே போய் நின்றது.

“என்ன தெரியறது?”

“அடுத்தாத்துத் தென்னம்பாளைப்பா.”

“பலே! டாலர் குடுத்து வாங்கின மிஷின் தேங்கா காமிக்கறது. சனி இப்போ மிதுனத்துலன்னா? அதோ பார், மேலே!” அவர் விரலை நீட்டிய இடத்தில் சனி மங்கலான மஞ்சளில் அசையாமல் நின்றது.

காப்பியோடு வந்த பாகீரதி மகளுக்காகப் பரிந்து பேசினாள். “காமிக்காம எங்கே போறது? மிளகத்தனைதான் இருக்கும். அதுக்கு ஒரு வளையம் வேற, லேசா சாஞ்சுண்டு.”

“பெரிய ஆராய்ச்சிக்காரி! பேப்பர்ல படம் போட்டிருப்பான், பார்த்துட்டு வந்து சொல்றா.” காப்பியை வாங்கிச் சுவர்மேல் வைத்துவிட்டு, கையை நீட்டி விரல்களை விரித்தார். தென்னம்பாளைக்கும் சனிக்கும் நடுவே சரியாக ஒரு சாண். “நேத்தும் இதே தூரம்தானா?”

“ஆமாம்ப்பா. முந்தாநாளும்.”

தினமும் ஒரே அளவில் தப்புகிறது என்றால் அதற்கு ஒரு கணக்கு இருக்க வேண்டும். வெங்கடேஸ்வரன் மனதுக்குள் போட்டுப் பார்த்தார். ஆகாயத்தில் ஒரு சாண், இரண்டரை நாழிகை. ஒரு மணி நேரம்.

“ஒரு மணி நேரம் முன்னாடி சனி எங்கே இருந்ததோ, அங்கே போய் நிக்கறது உன் மிஷின். நேரத்தைத் தவிர வேற என்ன கேட்டது?”

“டேலைட் சேவிங்னு என்னமோ கேட்டதுப்பா. சேமிப்பு நல்லதுதானேன்னு ‘எஸ்’ அழுத்தினேன்.”

“அசடு! அந்தப் புஸ்தகத்தைக் கொண்டா.”

டார்ச் வெளிச்சத்தில் எழுத்துக்கூட்டாத குறையாக ஒவ்வொரு வரியாகப் படித்தார். படிக்கப் படிக்க மீசைக்குள் சிரிப்பு வந்தது. “பார்த்தியா? நம்மூர்ல இந்த வழக்கமே கிடையாது. அமெரிக்காவுல கோடைக்காலம் வந்தா ஊர்க் கடிகாரத்தை எல்லாம் ஒரு மணி நேரம் முன்னாடி தள்ளி வெச்சுடுவானாம். அங்கே கடிகாரம் காமிக்கறது அசல் நேரமே இல்லையாக்கும். அதுலேர்ந்து ஒரு மணியைக் கழிச்சாத்தான்...”

பேச்சு பாதியில் நின்றது. சிகாகோ. மஹேஷ் பிறந்த ஜூலை மாதம். பிரசவ ஆஸ்பத்திரிக் கடிகாரம்.

காப்பியை மறந்து இறங்கிப் போனவர், சாப்பிடக் கூப்பிட்டும் எழுந்து வரவில்லை. ஒரு மணி நேரத்தைக் கழித்ததும் மஹேஷின் லக்னம் ஒரு வீடு பின்னால் நகர்ந்தது. எட்டில் இருந்த செவ்வாய் ஒன்பதுக்குப் போயிற்று. திரும்பவும் போட்டுப் பார்த்தார். தோஷம் என்று சொல்ல ஒரு பொட்டுக்கூட இல்லை.

உடனே மஹேஷின் அப்பாவுக்கு போன் போட்டார். “ஓய், உம்ம புள்ளையாண்டான் ஜாதகத்துல ஒரு சூட்சுமம் இருக்கு. இத்தனை நாளா ஒருத்தனுக்கும் தட்டுப்படலை, நானாக்கும் கண்டுபிடிச்சேன்! மாமியையும் கூட்டிண்டு ஞாயித்துக்கிழமை ஆத்துக்கு வாரும்.” அடுத்த போன் பாலக்காட்டுக்குப் போயிற்று. வெள்ளிக்கிழமை வர வேண்டாம் என்று பக்குவமாகச் சொல்லி வைத்தார்.

பிறகு மகளைக் கூப்பிட்டு நிறுத்தினார். “எதையும் படிச்சுப் பார்க்காம அழுத்தப்படாது. இன்னிக்கு நான் மாடிக்கு வரலேன்னா என்ன ஆயிருக்கும்? மனசிலாச்சோ?”

“மனசிலாச்சுப்பா” என்றாள் ப்ரியா, தலையைக் குனிந்துகொண்டு.

ஒரு பெரிய காரியத்தைச் சாதித்த களைப்போடு வெங்கடேஸ்வரன் ஈஸிசேரில் சாய்ந்து கண்ணை மூடினார். அவர் தூங்கிவிட்டார் என்று நினைத்து, சமையல்கட்டில் பாகீரதி மகளிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்:

“போதும்டி. நாளைக்கு ‘நோ’ அழுத்தி அப்பாவுக்கும் சனியைக் காமிச்சுடு, போன வாரம் எனக்குக் காமிச்ச மாதிரி.”