பத்து எழுத்து

"ஆர், ஈ, எஃப், ஆர், ஏ, சி, டி, ஓ, ஆர், வை. இதுக்கு என்னங்க அர்த்தம்?"

சமையலறை வாசலில் நின்றபடி ஹிதாயா ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னாள். பிழை விடக்கூடாது என்று காலையிலிருந்து மனப்பாடம் செய்தது.

சாய்வு நாற்காலியில் இருந்த அவள் கணவர், இங்கிலீஷ் வாத்தியார் நுஹ்மான் சேர், பேப்பரை மடித்து வைத்தார்.

"ரிஃப்ராக்டரி. இதை எங்க பார்த்த?"

"டியூஷனுக்கு வர்ற ஜஸ்லாட புக்ல. மேசையில விட்டுட்டுப் போயிருந்தா. சும்மா புரட்டிப் பார்த்தேன்."

"நாப்பது வருஷமா என்கூட இருக்க. ஒரு இங்கிலீஷ் சொல்லுக்கு இன்னைக்குத்தான் அர்த்தம் கேக்கிற." அவருக்குச் சந்தோஷம். மாத்தளையில் பாதிப் பேர் அவரிடம் இங்கிலீஷ் படித்தவர்கள். பென்ஷன் எடுத்த பிறகும் அலுவிகாரை வீட்டு முன்னறையில் பின்னேரங்களில் டியூஷன் நடத்திக்கொண்டிருந்தார். "அடக்க முடியாததுன்னு அர்த்தம். சொன்ன பேச்சு கேக்காதது."

"பிடிவாதமா?"

"பிடிவாதத்துக்கு வேற சொல் இருக்கு. இது அதுக்கும் மேல. றிஸ்கான் சின்னதுல ஸ்கூல் போக மாட்டேன்னு கேட்டைப் புடிச்சிக்கிட்டுக் கிடப்பானே, ஞாபகமா? நீ கெஞ்சுவ, நான் அடிப்பேன். எதுக்கும் அசைய மாட்டான். அதுதான் ரிஃப்ராக்டரி."

ஹிதாயா சிரிக்கவில்லை. முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டு நின்றாள்.

"ஆளைச் சொல்லாம, ஒரு நோயைப் பத்தி அப்படி எழுதியிருந்தா?"

வெளியே தம்புள்ளை பஸ் ஹார்ன் அடித்துக்கொண்டு போனது. அந்தச் சத்தம் அடங்கும்வரை நுஹ்மான் சேர் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நோய்க்குச் சொன்னா வேற மாதிரி," என்றார். "கொஞ்ச நாளைக்குப் பிடிவாதம் பிடிக்கும். பிறகு மருந்துக்கு அடங்கிப் போகும். அப்படிப்பட்ட நோய்."

"அப்ப சுகமாகிருமா?"

"இன்ஷா அல்லாஹ், ஆகும். நாள் எடுக்கும், அவ்வளவுதான். நோய்க்கு அது நல்ல சொல்."

"நெசமாவா?"

"முப்பத்தி நாலு வருஷம் இதைத்தானே படிச்சிக் குடுத்தேன்!"

ஹிதாயா உள்ளே போய் அரிசி டின்னைத் திறந்தாள். அடியில் மறைத்து வைத்திருந்த ரிப்போர்ட்டை எடுத்தாள். நுஹ்மானின் பெயர் போட்ட ரிப்போர்ட். முந்தின நாள் கண்டி கிளினிக்கில், அவர் வெளியே வேனில் சாய்ந்து கிடந்தபோது, நர்ஸ் மிஸ் அவள் கையில் கொடுத்தது. பக்கம் நிறைய இங்கிலீஷ். அந்த ஒரு சொல்லுக்கு மட்டும் அடியில் சிவப்புக் கோடு.

அவர் கண்ணில் பட்டால் ஒரே மூச்சில் வாசித்துவிடுவார்; மனசு விட்டுவிடுவார். கட்டாரில் இருக்கும் மகன் றிஸ்கானிடம் கேட்டால் வேலையை விட்டு ஓடி வருவான். கடைசியில் அவரிடமே கேட்பதைத் தவிர அவளுக்கு வேறு வழி தெரியவில்லை.

"அல்ஹம்துலில்லாஹ்" என்று சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

அன்றிலிருந்து வீடு மாறிப்போனது. ஹிதாயா மறுபடி வாய் ஓயாமல் பேசினாள். வேன் பிடித்து அவரைப் பல்லேகமவில் தங்கச்சி வீட்டுக்குக் கூட்டிப்போய் இரண்டு நாள் வைத்திருந்தாள். நோன்புக்கு றிஸ்கான் வருவான், எல்லோருமாக மக்காவுக்கு உம்றா போகலாம் என்று திட்டம் போட்டாள். அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். கஞ்சி இறங்காமல் கோப்பையைத் தள்ளிய நாட்களில் அவரை அதட்டவும் செய்தாள்.

"சுகமாகிற நேரத்தில ஏன் இந்த அடம்? குடிங்க!"

அவர் கண்ணை மூடிக்கொண்டு குடிப்பார்.

மூன்று மாதம்கூட முழுதாகப் போகவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் பாங்கு சொல்லும் நேரம், நுஹ்மான் சேர் மூச்சடங்கி மவுத்தாகிவிட்டார்.

கணவர் போனபின் வீட்டோடு இருக்கும் இத்தாவில் ஹிதாயா இருந்தாள். ஒரு பின்னேரம் டியூஷன் பிள்ளை ஜஸ்லா அவளைப் பார்க்க வந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து பாய் ஓரத்தைத் தடவிக்கொண்டிருந்தாள்.

ஹிதாயாதான் பேசினாள்.

"உங்க சேர் ஒரு சொல்லுக்குப் பிழையா அர்த்தம் சொல்லிட்டாங்க மகள். ரிஃப்ராக்டரி. மருந்துக்கு அடங்கிப் போகும்னாங்க. நானும் நம்பிட்டேன். இல்லாட்டி அவங்களை ஒரு நாளாவது அதட்டியிருப்பேனா? கஞ்சி வேணாம்னா விட்டிருப்பேன். பக்கத்திலயே உட்கார்ந்திருப்பேன். படிச்ச மனுஷன், அந்த ஒரு சொல்லில போய்ப் பிழை விட்டாங்களே!"

ஜஸ்லாவின் கண் நிறைந்துவிட்டது.

"சேர் பிழை விடல்ல மாமி. மருந்துக்கு அடங்காத நோய்னுதான் அதுக்கு அர்த்தம். நீங்க கேட்ட அன்னைக்குப் பின்னேரமே கிளாஸ்ல எங்களுக்குச் சரியாத்தான் சொல்லித் தந்தாங்க."

ஹிதாயா நிமிர்ந்து பார்த்தாள்.

"'மாமி உங்ககிட்ட வந்து கேட்டா மட்டும், அடங்கிப் போகும்னு சொல்லுங்க பிள்ளைகள், அவங்க கொஞ்ச நாள் சிரிச்சிக்கிட்டு இருக்கட்டும்'னாங்க. 'நான் மவுத்தான பிறகு, சரியான அர்த்தத்தை நீங்கதான் அவங்களுக்குச் சொல்லணும்'னாங்க மாமி."