ஊமைக் கிட்டார்

"வீட்ல வாசிக்கணும், ரெக்கார்டிங்கும் பண்ணணும். அதுக்கேத்த கிட்டாரா காட்டுங்க," என்றார் கண்ணாடி போட்ட அந்த மனிதர்.

அங்கிருந்த ஒரு கிட்டாரைக் கையில் எடுத்தவரைக் கடைக்காரர் அளந்தார். கிட்டாரைத் துடைப்பம் மாதிரிப் பிடிக்கிற ஆளுக்கு ரெக்கார்டிங் ஒரு கேடா!

இருப்பதிலேயே நல்ல கிட்டாரை எடுத்து மீட்டினார். கண்ணாடிக்காரரோ வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, கதவில் காதை வைத்துக் கேட்டார்.

"ஐயோ, இங்க வரைக்கும் கேக்குதே! வேற காட்டுங்க."

கேட்கக் கூடாது என்றால் கிட்டார் எதற்கு? கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று நினைத்தபடி அடுத்ததை மீட்டினார். அதுவும் கேட்டுத் தொலைத்தது.

பரணில் ஒன்று விலைபோகாமல் கிடந்தது. எப்படி மீட்டினாலும் போர்வைக்குள் முனகுகிற மாதிரிதான் இருக்கும். தூசி தட்டி அதை எடுத்தார்.

"சுத்தமா கேக்கல! இதான் வேணும்!" கண்ணாடிக்காரர் முகம் மலர்ந்தது.

"ஒயரைச் சொருகிட்டா ரெக்கார்டிங்குக்கு இதை அடிச்சுக்க ஆளே இல்ல சார். நானே தினம் வீட்ல வாசிச்சு ரெக்கார்ட் பண்றவன், சொல்றேன்."

"தெரியும். அதனாலதான் உங்ககிட்ட வந்தேன்."

கடைக்காரர் பூரித்துப்போய், முழு விலைக்கே அதை அவர் தலையில் கட்டினார்.

பணத்தைக் கொடுத்த கண்ணாடிக்காரர், கிட்டாரைக் கடைக்காரர் கையிலேயே திருப்பி வைத்தார்.

"வச்சுக்குங்க, உங்களுக்குத்தான். இனிமே வீட்ல இதையே வாசிங்க."

"எனக்கா? சார், நீங்க யாரு?"

"உங்களுக்குக் கீழ் வீட்டுல போன வாரம் குடிவந்தவன்."